ஒளி உறையவில்லை: அறிவியல் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் அறிவியல் பக்கம் பார்க்கும் நண்பர்களுக்கும், அவர்கள் எழுதியதற்குத் தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏட்டி, வெளிச்சத்த ஐஸாக்கிட்டானுவளாம்லா, பேப்பர்ல போட்டிருக்கான். நீ பாக்குத வேலையும் அதானா?" என்றாள். நான் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பார்க்கிறேன். ஒளியும் பொருளும் கலந்த அமைப்புகளில் ஒடுக்கம், அதாவது எண்ணற்ற துகள்கள் ஒரே நிலையில் போய்க் குவிவது, எப்படி நிகழ்கிறது என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. வேலை அதுதான், ஆனால் ஐஸ் இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டவள், "அப்ப பேப்பர்க்காரன் பொய்யா எழுதுதான்?" என்றாள். பொய்யில்லைம்மா என்றேன். "பெறகென்ன?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அன்று வராத பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

செய்தியின் மூலம் உங்களுக்குத் தெரியும். இத்தாலியின் லெச்சே நகரில் இருக்கும் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் நானோடெக் நிறுவனமும், பாவியா பல்கலைக்கழகம் உள்ளிட்ட கூட்டாளிகளும் சேர்ந்து அந்த மாதம் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுண்ணிய வரிகள் செதுக்கிய குறைக்கடத்திச் சில்லு ஒன்றில் லேசரைப் பாய்ச்சி, போலாரிட்டான் என்ற கலப்புத் துகள்களின் ஒடுக்கத்தை உண்டாக்கி, அது மீதிண்மம் (திண்மம் போல ஒழுங்காக அடுக்கியிருந்தும் தடையின்றி ஓடக்கூடியது) போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். அருமையான வேலை. உலகம் முழுக்க அதற்கு வந்த தலைப்பு: ஒளியை உறைய வைத்தார்கள். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் இருந்தது, நீங்கள் மொழிபெயர்த்தீர்கள், அவ்வளவுதான். ஆகவே முதல் பழி உங்கள் மேல் இல்லை. ஆனால் தமிழில் அது இன்னும் மோசமாக விழுந்தது. ஏனென்றால் நமக்கு உறைதல் என்றால் ஒன்று ஐஸ், இல்லையென்றால் தயிர், இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். மூன்றுக்குமே அசைவு நின்றுபோவதுதான் பொருள். அந்தச் சில்லில் எதுவும் நிற்கவில்லை.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

இரண்டு நல்ல கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து நடுவில் ஒளியை அடைத்தால் அது முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருக்கும். இதைக் கேவிட்டி என்கிறோம். அந்த இடைவெளியில் சில நானோமீட்டர் தடிமனுள்ள குறைக்கடத்திப் படலம் ஒன்றை வையுங்கள். ஒளி அதில் பட்டால் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பும், அது விட்டுப்போன இடம் மின்துளையாக நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜோடியாகத் திரிவதுதான் எக்சிட்டான். ஜோடி உடைந்தால் ஒளி திரும்ப வரும், அந்த ஒளி மறுபடி ஜோடியாகும். கேவிட்டியிலிருந்து ஒளி கசிந்து வெளியேறுவதற்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் பலமுறை நடந்துவிட்டால், எது ஒளி, எது ஜோடி என்று பிரித்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கலந்து நிற்கும் அந்த ஒன்றுக்குத்தான் போலாரிட்டான் என்று பெயர். 1958-இல் இயற்பியலாளர் ஹாப்ஃபீல்டு இதைக் காகிதத்தில் எழுதினார். செயற்கையாகச் செய்த நுண் கேவிட்டியில் இது தெளிவாகத் தெரிந்தது 1992-இல், தோக்கியோவில், வைஸ்பூக், அரக்காவா குழுவினரின் சோதனையில்.

பாலும் டிகாஷனும் கலந்த காப்பி போல என்று சொல்ல ஆசைதான். ஆனால் காப்பி தானாகப் பிரிந்து பாலாகவும் டிகாஷனாகவும் மாறி மாறித் துடிக்காது. உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கலப்பில் இரண்டு தரப்பும் சீர் கொண்டுவருகின்றன. ஒளி லேசான நிறையைக் கொண்டுவருகிறது. போலாரிட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். எக்சிட்டான் மோதும் குணத்தைக் கொண்டுவருகிறது. வெறும் ஒளிக்கதிர் இரண்டு ஒன்றையொன்று கடந்தால் எதுவும் நடக்காது, போலாரிட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். நிறை குறையக் குறைய ஒடுக்கம் நிகழும் வெப்பநிலை ஏறும். 1995-இல் கொலராடோவின் போல்டரில் கார்னெலும் வீமனும் ருபீடியம் அணுக்களை ஒடுக்க, குளிரின் கடைசி எல்லையான தனிப்பூஜ்ஜியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் கோடியில் சில பங்கு வரை, 170 நானோகெல்வினுக்கு, இறங்க வேண்டியிருந்தது. 2006-இல் கிரெனோபிளும் லோசானும் சேர்ந்து காட்மியம் டெல்லுரைடு சில்லில் போலாரிட்டான் ஒடுக்கத்தைக் காட்டியபோது போலாரிட்டான்களின் வெப்பநிலை 19 கெல்வின். அணுக்களுக்குத் தேவைப்பட்டதைப் போலப் பத்துக் கோடி மடங்கு சூடு அது.

இந்த 19 கெல்வினை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அந்தச் சோதனையில் சில்லு இருந்தது சுமார் 5 கெல்வினில். அதற்குள் இருந்த போலாரிட்டான்களோ 19-இல். ஒரே பொருளுக்குள் இரண்டு வெப்பநிலை! ஐஸ் பெட்டியில் வைத்த பாலும் பெட்டியும் ஒரே குளிர்ச்சிக்கு வந்துவிடும் என்ற நம் சமையலறை அறிவு இங்கே செல்லாது. போலாரிட்டான்கள் சில பிக்கோவினாடிதான் உயிரோடிருக்கும், அதாவது ஒரு வினாடியை லட்சம் கோடியாகக் கூறு போட்டால் அதில் சில கூறு. சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு அவற்றுக்கு ஆயுள் போதவில்லை. உறைய வைத்தார்கள் என்று எழுதும்போது காணாமல் போவது இந்தச் செய்திதான், இந்தத் துறையின் மொத்தச் சுவாரஸ்யமும் இதில்தான் இருக்கிறது.

சில்லைக் குளிர்விக்கத்தானே செய்கிறார்கள் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. காலியம் ஆர்சனைடு போன்ற பொருளில் எலக்ட்ரானும் மின்துளையும் மிகத் தளர்வாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அறை வெப்பநிலையின் அதிர்வே அந்த ஜோடியைப் பிய்த்துவிடும். ஜோடி பிழைக்கத்தான் குளிர். பிடிப்பு வலுவான பொருளை எடுத்துக்கொண்டால் அந்தக் குளிர் வேண்டாம். 2014-இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் ஒரு பாலிமர் படலத்தை வைத்து, அறை வெப்பநிலையிலேயே போலாரிட்டான் ஒடுக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் வகையறா, சாதாரண மேஜை, ஒரு லேசர். ஐஸ் எங்கே இருக்கிறது?

அதைவிடத் துல்லியமான சாட்சி ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

இயற்பியலாளர் சத்யேந்திர நாத் போஸ் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பியது 1924-இல். அதில் அவர் எண்ணியது ஒளித்துகள்களை. ஐன்ஸ்டீன் அதை அணுக்களுக்கு நீட்டி, குளிரக் குளிர ஒரு பெரும் பங்கு அணுக்கள் ஒரே நிலையில் போய்க் குவியும் என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், எந்த ஒளித்துகளை வைத்துக் கணக்கு தொடங்கியதோ அந்த ஒளித்துகள் மட்டும் குவியாது. அடைத்து வைத்த ஒளியைக் குளிர்வித்தால் சுவர்கள் அதை விழுங்கிவிடும். எண்ணிக்கை குறையுமே தவிர, மிஞ்சியவை ஓரிடத்தில் சேராது. அடுப்பு அணைந்தபின் கங்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள், ஒளி ஒடுங்குவதில்லை, இல்லாமல் போகிறது.

2010-இல் பான் நகரில் கிளேர்ஸ், ஷ்மிட், ஃபெவிங்கர், வைட்ஸ் ஆகிய நால்வரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லேசாக வளைந்த இரண்டு கண்ணாடிகளை ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி அது. நடுவே ரோடமின் சாயம் கரைத்த திரவம். அவ்வளவு குறுகிய இடத்தில் ஒளிக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் உண்டாகிவிடுகிறது, அதற்குக் கீழே இறங்க அதனால் முடியாது. அறையின் வெப்பத்துக்கு அந்த ஆற்றலில் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, தானாக உண்டாக்கும் சக்தியும் இல்லை, அழிக்கும் சக்தியும் இல்லை. அதனால் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை நாம் வெளியிலிருந்து லேசரால் நிர்ணயிக்கலாம். சாய மூலக்கூறு ஒரு ஃபோட்டானை விழுங்கும், திரவத்தோடு கொஞ்சம் மோதிக் குலுங்கும், பிறகு வேறு நிறத்தில் துப்பும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது ஒளி அந்தத் திரவத்தின் வெப்பநிலைக்கே வந்துவிடுகிறது. திரவம் இருப்பது அறை வெப்பநிலையில், சுமார் 300 கெல்வின்.

இதே மாதிரி ஓர் அமைப்பை வேறோர் ஆய்வகத்தில் நேரில் பார்த்தேன். மேஜை முழுக்கக் கறுப்புத் திரை. கேமரா காட்டிய திரையில் முதலில் பரவலான ஒரு மங்கல் வட்டம், ஓரத்தில் பச்சை சாய்ந்த மஞ்சள், நடுவே வர வர மஞ்சள். நடுவில்தான் ஆற்றல் குறைவு, ஆகவே அங்கே நிறம் சிவப்புப் பக்கம் சாயும். ஒளியை ஊட்டும் லேசரைக் கூட்டக் கூட்ட வட்டம் முழுவதும் சீராகப் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. ஓர் அளவைத் தாண்டியதும் நடுவில் மட்டும் ஒரு பொட்டு. அதற்குப் பின் எவ்வளவு கூட்டினாலும் ஓரம் மாறவில்லை, எல்லாம் பொட்டுக்கே போனது. பான் குழுவின் கணக்கில் அந்த அளவு சுமார் 77,000 ஃபோட்டான்கள். கூட வந்த மாணவர் யாரோ "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு எப்படி உறைதல் என்று பெயர் வைப்பது? அறை வெப்பநிலையில் இருக்கும் ஒளி அது.

இனி என் சொந்த வேலைக்கு வருகிறேன். இந்த ஒடுக்கங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒளி கசியும். கசிந்ததை ஈடுகட்ட வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வகத் தமிழில் பம்ப் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை நிறுத்தினால் அடுத்த கணம் எதுவும் மிஞ்சாது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகி மறுகால் பாயும், அதாவது நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும். அப்போது குளத்தின் மட்டம் நாள் கணக்கில் ஒரே அளவில் நிற்கும். பார்க்கிறவனுக்குத் தண்ணீர் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் காலையில் இருந்த தண்ணீர் மாலையில் அடுத்த குளத்துக்குப் போயிருக்கும். வரத்தும் மறுகாலும் சமமாக இருப்பதால்தான் மட்டம் நிற்கிறது. மழை ஓய்ந்து மடையும் அடைத்த மாசி மாதத்திலும் மட்டம் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி நிற்கிறது என்று குளத்தில் இறங்கிப் பார்த்தவன் சொல்ல மாட்டான். முன்னது ஊட்டமும் கசிவும் உள்ள ஒடுக்கம், பின்னது ஐன்ஸ்டீன் நினைத்த ஒடுக்கம். ஊட்டப்படும் ஒடுக்கத்தின் குவாண்டம் கோட்பாடு என்று நாங்கள் சொல்வது, மறுகால் பாயும் குளத்துக்கு விதி எழுதுவது.

மாசிக் குளத்துக்கு விதி எழுதுவது சுலபம், வெப்பநிலையைச் சொன்னால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும். ஊட்டமும் கசிவும் உள்ள இடத்தில் வெப்பநிலை என்ற ஒன்று இருக்கிறதா என்பதே கணக்கின் முடிவில்தான் தெரியும். துகள்கள் எவ்வளவு வேகமாக வருகின்றன, எவ்வளவு வேகமாகப் போகின்றன, இடையில் எத்தனை முறை மோதுகின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். அதிலும் குவாண்டம் விதி விடாது. ஒளித்துகள் போல ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய துகள்களைப் போசான்கள் என்கிறோம்; ஒரு நிலையில் ஏற்கெனவே N போசான்கள் இருந்தால் அடுத்தது அங்கே வந்து சேரும் வேகம் N+1 மடங்கு. கூட்டம் உள்ள பரோட்டா கடைக்கே கூட்டம் சேர்கிற கதை. வரவு செலவை முந்தும் ஒரு புள்ளியில், எல்லாம் திடீரென ஒரே நிலைக்குப் பாய்கிறது.

இந்த வரவு செலவுக் கணக்கை எழுத நாங்கள் தினமும் எடுக்கும் சமன்பாட்டை மேற்கே பெரும்பாலும் லிண்ட்பிளாட் சமன்பாடு என்றே சொல்லி முடித்துவிடுகிறார்கள். முழுப் பெயரில் கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் என்று மூன்று பெயர் கூட உண்டு. 1976-இல் இந்த மூவர் ஒரு கட்டுரையிலும் லிண்ட்பிளாட் தனியாக இன்னொன்றிலும் அதைக் கொடுத்தார்கள். கோட்டயத்துக்காரரான சுதர்சன் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 1980-களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். ஒளியின் ஓரியல்பை, அதாவது அதன் அலைகள் ஒரே தாளத்தில் இயங்குவதை, குவாண்டம் முறையில் எழுத 1963-இல் வந்த வழியிலும் கிளாபர் பெயரோடு அவர் பெயர் இருக்கிறது. 2005 நோபல் கிளாபருக்குப் போனது, சுதர்சனுக்குப் போகவில்லை. அந்த வருத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை. வெளிநாட்டு ஆய்வுக்கு உள்ளூர்த் தொடர்பு வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்பார்கள் என்று உங்களில் ஒருவர் முன்பு என்னிடம் சொன்னார். கையில் இருக்கிற நிஜத் தொடர்பு இது. மின்சார ரயிலில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது.

கோட்பாட்டின் விளைவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒடுங்கிய துகள்கள் எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்கும், அந்தத் தாளத்தின் நிலையைக் கட்டம் என்கிறோம். சமநிலையில் இருக்கும் ஒடுக்கத்தில் கட்டத்தை ஓரிடத்தில் சற்றே கலைத்தால் அந்தக் கலக்கம் ஒலி அலையாக ஓடும். 2006-இல் ஷிமான்ஸ்கா, கீலிங், லிட்டில்வுட் மூவரும், அடுத்த ஆண்டு வூட்டர்ஸ், கருசோட்டோ இருவரும், ஊட்டப்படும் ஒடுக்கத்தில் அப்படி நடக்காது என்று காட்டினார்கள். நீண்ட தூர அளவில் பார்த்தால் கலக்கம் ஓடாது. தண்ணீரில் சொட்டிய மை போல ஊர்ந்து பரவும். கசிவு எவ்வளவு சிறிதானாலும் போதும், தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இது தலைகாட்டும்.

இன்னும் விநோதம் அடுத்தது. தாளின் ஓரத்தில் பொறி பட்டுக் கருகி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கருகும் விளிம்பு நேர்கோடாக இருக்காது. மேடும் பள்ளமுமாக, நேரம் ஆக ஆகக் கரடு கூடிக்கொண்டே போகும். அந்தக் கரட்டுக்கு ஒரு விதி உண்டு. 1986-இல் கார்டார், பரிசி, ஜாங் எழுதியது. ஊட்டப்படும் ஒடுக்கத்தின் கட்டமும் அதே விதிப்படிதான் கரடாகும் என்று கோட்பாட்டாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022-இல் பாரிஸ் அருகே பலேசோவில், ஒற்றை வரிசையாக அமைந்த போலாரிட்டான் ஒடுக்கத்தில் அதை அளந்தே காட்டிவிட்டார்கள். எரியும் தாளும் ஒளிரும் சில்லும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. உறைந்த ஒன்று இப்படியா கரடு தட்டும்? அன்று எந்தத் தமிழ்த் தளத்திலும் இந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை. தலைப்புக்கு இதைவிட என்ன வேண்டும் என்று இன்னும் எனக்கு ஆதங்கம்.

இது லேசர்தானே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கும் வாசகர் இருப்பார். எங்கள் கூட்டத்திலேயே அதைக் கேட்டுச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நியாயமான சண்டை. லேசரும் ஊட்டமும் கசிவும் கொண்டதுதான், அதன் தொடக்கத்தை ஒரு நிலைமாற்றமாகப் பார்க்கலாம் என்று ஹாகென் போன்ற இயற்பியலாளர்கள் 1970-லேயே சொல்லிவிட்டார்கள். 2013-இல் கிர்ட்டனும் கீலிங்கும் சாயக் கேவிட்டிக்கு எழுதிய கணக்கு இதை அழகாக விடுவிக்கிறது. ஒரு ஃபோட்டான் வெளியே கசிவதற்கு முன் பலமுறை சாயத்தால் விழுங்கப்பட்டால், அதற்கு வெப்பநிலை வாய்க்கும், மிகக் குறைந்த நிலையில் குவியும், அது ஒடுக்கம். விழுங்கப்படாமலே கசிந்தால் சாயத்துக்கு எந்த நிறம் தோதோ அங்கே குவியும், அது லேசர். ஒரே சமன்பாட்டின் இரு முனைகள். நடுவே அந்தி மாதிரி ஓர் இடம், பகல் எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது.

வித்தியாசம் தெரியவே தெரியாதா என்றால், தெரியும். நல்ல லேசரின் பிரகாசம் நிலையானது. சாய ஒடுக்கமோ, மூலக்கூறுகள் ஃபோட்டான்களுக்குக் கடன் கொடுத்தும் வாங்கியும் கொண்டிருப்பதால், கன்னாபின்னாவென்று மினுக்கும். ஏற்ற இறக்கம் சராசரி எண்ணிக்கை அளவுக்கே போகலாம் என்று பான் குழு 2014-இல் அளந்து காட்டியது.

  

லெச்சேவுக்குத் திரும்புவோம். அங்கே செதுக்கிய வரிகளின் வடிவமைப்பால் போலாரிட்டான்கள் முதலில் ஒரு நிலையில் ஒடுங்கின. ஊட்டத்தைக் கூட்டியதும் இருபுறமும் உள்ள வேறு இரண்டு நிலைகளுக்கும் ஜோடி ஜோடியாகச் சிதறின. மூன்று அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, அடர்த்தி ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும், வரிவரியாக ஒழுங்கு எழுந்தது. ஒழுங்கான மேடுபள்ளம் திண்மத்தின் குணம். துகள்கள் அத்தனைக்கும் ஒரே கட்டம் இருப்பது, உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மத்தின் குணம். இரண்டும் ஒருசேர இருப்பதுதான் மீதிண்மம். திண்மம் என்ற சொல் அங்கே வந்தது இதற்காக. கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும் என்பதற்காக அல்ல. அந்தத் திண்மத்தில் இருக்கும் ஒவ்வொரு துகளும் நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கான தலைமுறைகள் மாறிப்போயிருக்கும்.

எங்கள் தரப்புக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக் குறிப்பு எழுதித் தரும்போது கவனம் ஈர்க்கும் சொல்லைப் போடச் சொல்லி எங்கள் அலுவலகங்களே நச்சரிக்கும். நானே ஒருமுறை ஒரு குறிப்பில் அடுத்த தலைமுறைக் கணினி என்று எழுதவிட்டு, பேசாமல் இருந்தேன். அந்தக் கட்டுரைக்கும் கணினிக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே உங்களிடம் கேட்பதற்கு முன் எங்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

கேட்பது அதிகமில்லை. முதலில் சொல். உறைதல் வேண்டாம். ஆங்கிலத்தில் condensation என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் சுருங்குதல் என்கிறார்கள், இலங்கைத் தமிழ் மாணவர்கள் ஒடுங்கல் என்று படிக்கிறார்கள். என் ஓட்டு ஒடுக்கத்துக்கு. சுருக்கம் என்றால் கதைச்சுருக்கமும் தோல் சுருக்கமும் நினைவுக்கு வருகின்றன. ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறை நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். வரலாம். ஆனால் சித்தர்கள் அடங்கிய இடத்தையும் நாம் ஒடுக்கம் என்றே சொல்கிறோம். பல ஒன்றில் போய் அடங்குவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் அதைப் போடுங்கள், எனக்குச் சண்டையில்லை. ஐஸை மட்டும் விடுங்கள்.

அடுத்து, இப்படி ஒரு செய்தி மேஜைக்கு வந்தால் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். எதை ஊட்டினீர்கள்? எவ்வளவு நேரம் உயிரோடிருந்தது? நீங்கள் சொல்லும் வெப்பநிலை எதனுடையது, சில்லினுடையதா, துகள்களுடையதா? பதில் எழுதாத ஆய்வாளரை நான் அதிகம் பார்த்ததில்லை, அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் நிஜம். இந்த மூன்று பதிலும் இரண்டு வரியில் செய்திக்குள் வந்துவிட்டால், அம்மா மாதிரி வாசகர்கள் மீதியைத் தாங்களே புரிந்துகொள்வார்கள். அவளுக்கு மறுகால் என்றதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. "பம்பு நின்னா குளம் வத்திரும், அவ்வளவுதான?" என்றாள். சில பிக்கோவினாடியில் வற்றிவிடும் என்றேன். அது என்ன கணக்கு என்று கேட்டாள்.

மார்ச் மாதச் செய்திகள் இன்னும் உங்கள் தளங்களில் இருக்கின்றன, தேடினால் முதலில் அவைதான் வருகின்றன. அவற்றை நீக்க வேண்டாம். தலைப்பில் உறைய வைத்த என்பதை எடுத்துவிட்டு, கீழே திருத்தப்பட்ட தேதியைப் போடுங்கள். திருத்தத்துக்கு வரி தேவைப்பட்டால் எழுதித் தருகிறேன், பெயர் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
கோட்பாட்டு இயற்பியலில் வேலை பார்க்கும் ஒரு நெல்லைக்காரி